செவ்வந்தியைத் திருப்பி அனுப்பவும்

அன்புத் தங்கை கலைவாணிக்கு,

பழவேற்காட்டுக் குப்பத்திலிருந்து அண்ணன் கேசவன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அண்ணி அங்காளம்மாளும் ஏரியும் நலம். மீஞ்சூரில் நீயும், காட்டுப்பள்ளிக்கு ஷிஃப்ட் போகும் மாப்பிள்ளையும், என்மேல் கோபித்துக்கொண்டு அங்கே வந்து உட்கார்ந்திருக்கும் என் மகளும் நலமாக இருக்க வேண்டும். போன் போட்டால் என் குரலைக் கேட்டதுமே நீ வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

நடந்ததைச் செவ்வந்தி சொல்லியிருப்பாள். அதெல்லாம் உண்மைதான். மிச்சத்தைக் கேள். பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டுப் பிள்ளைகளிடம் ரத்தம் எடுத்தார்கள். நான் ஏரியில் வலை இழுத்துக்கொண்டிருந்தபோது நர்சம்மா போன் செய்து, "உங்க வீட்டுப் பிள்ளைக்குக் கொலஸ்ட்ரால் ஜாஸ்தியா கீது. பேப்பரை வாங்கிக்கினு டாக்டரைப் பாருங்க" என்றார். எந்தப் பிள்ளை என்று நான் கேட்கவில்லை. எதற்குக் கேட்பது? பதினாறு வயது செவ்வந்தி பூசினாற்போல் இருப்பாள். அவள் தம்பி, பதினாலு வயது ராகுல் அவ்வளவு ஒல்லி, காற்றடிக்கும் நாளில் படகில் ஏற்றவே பயம். இறால் சீசன் என்பதால் மூன்று வாரம் பேப்பரை வாங்கப் போகவில்லை. வைத்தியத்தை மட்டும் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டேன். அவளுக்குக் காலையில் கேழ்வரகுக் கஞ்சி, மத்தியானம் கஞ்சி, ராத்திரி கஞ்சியோடு நடை. அவள் தட்டில் குறைத்த இறால் வறுவலும் முட்டையும் வீணாகக் கூடாதே என்று ராகுல் தட்டில் போட்டேன். அவனும் அக்காவுக்காகக் கஷ்டப்பட்டுத் தின்றான். எடை குறைந்ததா என்று பார்க்க வீட்டில் மிஷின் ஏது? ஏலம் நடக்கும் இடத்தில் சாதிக் பாயின் மீன் தராசில் அவளை ஏறச் சொன்னேன். அறுபத்திரண்டு காட்டியது. பிள்ளை மனசு நோகக் கூடாது என்று பாய், மீன் கூடைக்குக் கழிப்பதுபோல், "ஐஸுக்கு ரெண்டு கிலோ கழிச்சுக்கோ கேசவா" என்றார். நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன், கலைவாணி. "நீயுமா நைனா சிரிக்கிற?" என்று கேட்டுவிட்டு, அப்படியே உன் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

மறுநாள் உன் அண்ணி போய்ப் பேப்பரை வாங்கி வந்தாள். அதில் ராகுல் பெயர் இருந்தது. ஆள் மாற்றி எழுதிவிட்டார்கள் என்று டாக்டரிடம் சண்டைக்கே போனேன். "இவன் எலும்பை எண்ணலாம் டாக்டர், இவனுக்கு இன்னா கொழுப்பு?" என்றேன். மறுபடி ரத்தம் எடுத்தார்கள். அதே கதைதான். "ஒல்லியா இருந்தாலும் வரும்பா. உன் பொண்ணுக்கு எல்லாம் சரியா இருக்கு, வளர்ற பிள்ளை, வயிறு நிறையப் போடு" என்றார் டாக்டர். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஒரு தப்பும் செய்யாத பிள்ளையைக் கஞ்சியில் போட்டேன், ஊர் பார்க்கத் தராசில் நிறுத்தினேன். நேரில் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வராது. நீ சொல், நான் சொன்னதாகவே சொல். அவளை அனுப்பி வை. அவள் இல்லாமல் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

உன் வீட்டு உலை என்றும் கொதிக்கட்டும். மாப்பிள்ளைக்கு என் அன்பு.

இப்படிக்கு,
அண்ணன் கேசவன்

பின்குறிப்பு: அவளை அனுப்ப வேண்டாம். கடிதத்தை ஒட்டுவதற்குள் செவ்வந்தியே வந்து நிற்கிறாள். தம்பிக்கு உடம்பு சரியில்லை என்று உன் அண்ணி போனில் சொன்னதும் இருப்புக்கொள்ளவில்லையாம். நீதான் பஸ் ஏற்றிவிட்டாயாம், எனக்கு ஒரு வார்த்தை சொன்னாயா? டாக்டர் சொன்னபடி நேற்று நானும் ரத்தம் கொடுத்திருந்தேன். அந்தப் பேப்பரை அவள்தான் படித்துச் சொன்னாள். கொலஸ்ட்ரால் முந்நூற்றுப் பத்து, இருநூறுக்குள் இருக்க வேண்டுமாம். ராகுலுக்கு என்னிடமிருந்து வந்திருக்கிறது. "பரம்பரையா வர்றது நைனா, அத்தையும் ரத்தம் குடுத்துப் பார்க்கணும்" என்றாள். வந்ததிலிருந்து என்னோடு அவள் பேசியது அவ்வளவுதான். நம் நைனா நாற்பத்தாறு வயதில், நன்றாக இருந்தவர், படகிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று இத்தனை வருஷம் நினைத்தோம். எனக்கு இப்போது நாற்பத்தைந்து, உனக்கு நாற்பத்திரண்டு. கூடப் பிறந்தது என்று எனக்கு இருப்பது நீ ஒருத்தி. திங்கட்கிழமை காலையில் ஒன்றும் சாப்பிடாமல் இரு. முதல் பஸ்ஸில் வந்து நானே உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன்.