மஞ்சள் எழுத்தோடு சண்முகராசன் பொருத படலம்

வாழ்க சண்முகராசன். நோர்பரி நகரின் பெட்ரோல் நிலையத்துக் கண்ணாடிக் கூண்டினுள் அரியணையிட்டு அமர்ந்து, வந்த வண்டிகளுக்கெல்லாம் தாகம் தீர்த்த வள்ளல் வாழ்க. ஜெர்மனி நாட்டுப் பனிக்காலம் பலவற்றை ஒரே கறுப்புக் கோட்டினால் பொருது வென்று, அக்கோட்டோடு கடல் கடந்து இங்கிலாந்து புகுந்த ஏறு வாழ்க. பொய் என்னும் பகைவனைத் தன் நாவின் எல்லைக்குள் அடிவைக்க விடாத காவலன் வாழ்க. மணமான முதல் வாரத்திலேயே சொதியில் உப்பில்லை என்னும் உண்மையை மாமியார் முன்னிலையில் நிலைநாட்டியவன், பெண் பார்க்க வந்தோரிடம் மைத்துனியின் மெய்யான வயதைச் சொல்லி அச்சம்பந்தத்தை அன்றே குலைத்தவன், அதன் பயனாகக் கலியாண அழைப்புகள் நாளடைவில் அருகிப்போன வாயிலை உடையவன், அவன் புகழ் வாழ்க.

அத்தகையோன் இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டின் கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில், தன் வீட்டுச் சோபாவில், தன் மனைவி தவநாயகியின் அருகிருந்து, கொரிய நாட்டுப் பெண்ணொருத்தியின் உயிரைக் காக்கும்பொருட்டு ஆங்கில மொழியோடு செய்த போரை இனிப் பாடப் புகுகின்றோம். பின்மூடி தொலைந்து பிளாஸ்டர் நாடாவால் இடை கட்டுண்ட ரிமோட் தேவியே, இரண்டு பற்றரிகளை வயிற்றில் சுமப்பவளே, எம் நாவில் வந்தமர்ந்து இக்கதை குழறாமல் காத்தருள்க.

போர் மூண்ட காரணம் கேளீர்.

ஈழத்துப் போர் முடிந்த அந்த ஆண்டின் வைகாசி வரை அவ்வீட்டுத் தொலைக்காட்சியில் தமிழ்ச் செய்தியன்றி வேறொன்றும் ஓடியதில்லை. தொலைபேசியும் ஒரே வகைச் செய்தியைத்தான் கொண்டுவந்தது. வைகாசிக்குப் பின் தவநாயகி தொலைக்காட்சியை நிறுத்தினாள். பல வாரம் அந்தச் சதுரம் கறுப்பாகவே கிடந்தது. ஹரோவில் வாழும் மகள் பிரியந்தி அதைக் காணப் பொறாமல், கொரிய நாடகமொன்றின் டிவிடிப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். தமிழில் எதையும் பார்க்க மாட்டேன் என்றிருந்த தவநாயகி, தனக்குத் தெரிந்த ஒருவரும் சாகாத நாடாயின் அதைப் பார்ப்பதில் தடையில்லை என்று இசைவளித்தாள்.

அந்தோ, அந்நாட்டுக் கதையின் தலைவனோ யமதூதன்.

கறுப்புக் கோட்டு அணிந்தவன். முந்நூறு ஆண்டாக மூப்பறியாதவன். அவன் வெறுங்கை எவர்மேல் பட்டாலும் அவர் உயிர் அக்கணமே அகலும். தலைவியோ, நகரத்துச் சந்தொன்றில் பழுதான குடைகளைத் திருத்திப் பிழைப்பவள். உயிர் பறிக்க வந்த இடத்தில் அவன் மழையில் நனைந்தான், அவள் குடை கொடுத்தாள், காதல் பிறந்தது. தொட்டால் சாவு. ஆதலின் பதினைந்து பகுதிகளிலும் அவ்விருவரும் ஒரு மடித்த குடையின் இருமுனைகளை ஆளுக்கொன்றாய்ப் பற்றியபடி ஆற்றங்கரையில் நடந்தனர். தவநாயகி அவன் உயரம் கண்டு அவனுக்கு நெடுவல் என்றும், இளம்பெண்ணாதலின் அவளுக்குப் பெட்டை என்றும் பெயர் சூட்டினாள்.

அவர்கள் பேசியது கொரிய மொழி. திரையின் அடியில் மஞ்சள் எழுத்தில் ஓடியது ஆங்கிலம். ஜெர்மனியில் ஹோட்டல் சலவைக்கூடத்தில் காலம் கழித்த தவநாயகிக்கு ஜெர்மன் எழுத்து ஓடும். ஆங்கில எழுத்து ஓடாது. எனவே வாசித்துத் தமிழில் சொல்லும் பெரும்பணி சண்முகராசன் தோளில் விழுந்தது. அதை அவன் அறம் வழுவாது செய்தான். கூட்டிச் சொல்லான், குறைப்பதுண்டு. நெடுவல் பனியில் மண்டியிட்டு, முந்நூறு ஆண்டின் தனிமையைக் கண்ணீரும் கவிதையுமாய்க் கொட்டித் தீர்த்தபோது, சண்முகராசன் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, “விருப்பமாம்,” என்றான்.

நான்காம் பகுதியில் அவன் உரைத்த இன்னொரு வாக்கியத்தையும் இங்கு நினைவிற் கொள்க. “அவன்ர வெறுங்கை பட்டால் ஆள் முடிஞ்சுது.” பின்னர் அவன் மார்பையே நோக்கித் திரும்பவிருக்கும் வாள் அது.

இவ்வாறிருக்க, தவநாயகியின் இதயத்தில் வால்வு ஒன்று தன் கடமையில் தளர்ந்தது. வெட்டித் திருத்தலாம் என்றனர் மருத்துவர். திருத்தாவிட்டால் அடுத்த பனிக்காலத்துக்கு உறுதி சொல்வதற்கில்லை என்றும் சொன்னார்கள். திங்கட்கிழமை போய் ஓம் அல்லது இல்லை என்று அவள் சொல்ல வேண்டும். சண்முகராசன் மன்றாடினான், மன்றாடல் என்பது அவனளவில், சாப்பாட்டு மேசையில் அந்தப் பேச்சை இருமுறை எடுத்தது. தவநாயகி மனிதரைக் கேட்கும் நிலையைத் தாண்டியிருந்தாள். தோழி குமுதினியின் காரில் ஏறி வெஸ்ட் ஈலிங் கனக துர்க்கை அம்மன் சந்நிதிக்குப் போய்ப் பூக்கட்டிப் பார்த்தாள். வெள்ளை வந்தால் வெட்டலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். சிவப்பு வந்தது. மனம் ஆறாமல் மறுவாரம் போய்க் கட்டினாள். வெள்ளை வந்தது. அம்மனே இன்னும் முடிவெடுக்கவில்லை என்று கண்டுகொண்டு வீடு திரும்பிய அவள், வழக்கைக் கொரிய நாட்டுக்கு மாற்றினாள். பதினைந்தாம் பகுதி முடிந்த வியாழக்கிழமை மாலை, சோபாவிலிருந்து எழாமலே, அவள் செய்த பிரகடனம் இது:

“இந்தப் பெட்டை தப்பினால் நான் ஒப்பரேசனுக்குப் போறன். செத்தாளெண்டால் அதுக்குப் பிறகு ஒருத்தரும் என்னோட அதைக் கதைக்கக் கூடாது.”

இது என்ன விசர்க்கதை என்று கேட்க வாயெடுத்த சண்முகராசன், அவள் முகத்தைக் கண்டு, தட்டை எடுத்து டிவிடிப் பெட்டியில் வைத்தான்.

சனிக்கிழமை அவள் மீண்டும் அம்மனிடம் போன நேரம் பார்த்து, அவன் கதவைப் பூட்டி, திரைச்சீலையை இழுத்து, கள்வன் கருவூலம் புகுந்தாற்போல் டிவிடிப் பெட்டியைத் திறந்தான். கடைசிப் பகுதி அடங்கிய தட்டு கவிழ்ந்து கிடந்தது. தன் கவனக்குறைவு என்று தன்னையே நொந்துகொண்டான். பார்த்தான். பெட்டை செத்தாள். பின்னோக்கி ஓடவிட்டுப் பார்த்தான். மறுபடியும் செத்தாள். ஒலியை நிறுத்திப் பார்த்தான், ஒலியில்லாமல் செத்தாள்.

கரண்டியால் தட்டைக் கீறிவிடலாமோ என்று நினைத்தான்; மகள் வேறு வாங்கி வருவாள். தொலைந்தது என்று சொல்லலாமோ என்று நினைத்தான். தவநாயகி சோபாவைப் புரட்டியும் தேடுவாள். படைக்கலச்சாலை முழுவதையும் துருவிய பின் அவன் கையில் எஞ்சியது ஒன்றே. ஒருநாளும் உறையிலிருந்து உருவப்படாத, துருவேறிய, பழக்கமற்ற ஆயுதம்: பொய்.

ஞாயிறு பிற்பகல் வந்தது. வானம் வழக்கம்போல் நரைத்திருந்தது. தவநாயகி மிக்சர்க் கிண்ணத்தோடு வந்தமர்ந்து போர்வையைக் காலில் சுற்றிக்கொண்டாள்.

திரையின் அடியில் மஞ்சள் எழுத்துகள் அணிவகுத்தன. குறுஞ்சொற்கள் காலாட்படையாய் முன்னே ஓடிவர, நெடுஞ்சொற்கள் யானைகளாய் நடுவே அசைந்துவர, வினாக்குறிகள் வளைந்த வாளேந்தி விளிம்பு காக்க, ஒருவரிசை வீழுமுன் மறுவரிசை எழுந்து, படித்து முடிக்குமுன் மறைந்து, மறைந்த இடத்தில் புதிதாய்த் தோன்றி மாயப்போர் புரிந்த அப்பெருஞ்சேனையின் எதிரே, மூக்குக்கண்ணாடி என்னும் கேடயம் தாங்கி, தொண்டையைச் செருமிச் சங்கொலி எழுப்பி, ரிமோட்டை வாளெனப் பற்றி, தன்னந்தனியனாய் நின்றான் சண்முகராசன். நின்றான் என்பது மரபு பற்றிச் சொன்னது. இருந்தான்.

பாலத்தின்மேல் பனி பெய்தது. ஆயிரம் ஆண்டு குடை பிடிப்பதிலும் ஒருகணம் கை பிடிப்பதே தனக்குப் போதும் என்று பெட்டை நீண்ட உரை நிகழ்த்தினாள். மஞ்சட்படை ஐந்து வரிசையாய்ப் பாய்ந்தது.

“குளிருதாம்,” என்றான் சண்முகராசன்.

முதல் அடி அவனுடையது. ஆனால் பெட்டை கையுறையைக் கழற்றத் தொடங்கினாள். ஏன் என்று தவநாயகி வினவ, கையுறை ஓட்டை என்று அவன் விடையிறுத்தான். நெடுவலும் தன் கையுறையைக் கழற்றினான். அதுவும் ஓட்டை என்றான். இருவர் கையும் ஒன்றையொன்று நோக்கி நகர, இசை ஓங்க, தவநாயகி மிக்சர் கொறிப்பதை நிறுத்தினாள்.

“கை பட்டால் ஆள் முடிஞ்சுது எண்டெல்லோ சொன்னனீங்கள்.”

நான்காம் பகுதியின் வாள் திரும்பி வந்து நெஞ்சுக்கு நேரே நின்றது. எத்தனை மாவீரர் தம் கை வேலால் தாமே மாண்டனர். வியர்த்தான் நம் தலைவன்.

“அது பழைய சட்டம். இப்ப மாத்திப்போட்டினம்.”

“ஆர் மாத்தினது?”

“அங்கத்தைய கவுன்சில்.”

கவுன்சில் என்ற சொல்லின் முன் எக்கேள்வியும் நிற்பதில்லை என்பதை நோர்பரியில் வரி கட்டும் யாவரும் அறிவர். தவநாயகி மீண்டும் கொறித்தாள். திரையில் கைகள் இணைந்தன. பெட்டை நெடுவலின் தோளில் சாய்ந்தாள், கண் மூடினாள், குடை காற்றில் உருண்டு பாலத்திலிருந்து வீழ்ந்தது. நித்திரை என்றான் சண்முகராசன். இந்தப் பனிக்குள்ளையோ என்றாள் அவள். களைப்பு என்றான். அவன் கண் திரையில் இல்லை. மூச்சு வாங்கும்போது தவநாயகியின் கழுத்தோரத்து நரம்பு துடிப்பதை, கடந்த சில மாதமாகப் பார்த்துவந்தது போல், அப்போதும் பார்த்தான்.

ஆயினும் பகைவன் தன் பெரும்படையை இறுதிவரை ஒளித்துவைத்திருந்தான். காட்சி மாறியது. மண்டபம். வெள்ளைப் பூ வளையங்கள். கறுப்பு உடுத்த மாந்தர் கூட்டம். நடுவே, மாடமொன்றில், கறுப்பு நாடா கட்டிய பெட்டையின் படம். அதன் முன் புகைந்தது ஊதுபத்தி.

ஐயகோ, வாசகரே, இதற்கு உரை சொல்ல எந்த நாவால் இயலும்? அவன் சொன்னான். பெட்டை புதிய குடைக்கடை திறக்கிறாள். இது திறப்பு விழா. கடைக்காரியின் படத்தை வைப்பது அந்நாட்டு வழக்கம். குளிர் தேசமாகையால் கறுப்பு உடுப்பு. ஊதுபத்தி ஏன் என்றதற்கு, நாங்களும் கொளுத்துவதில்லையா என்று மடக்கினான். தன் நாவின் வேகம் கண்டு தானே அஞ்சினான். பொய் ஒன்று பொய் நூறை ஈன்று, நூறும் எழுந்து அவனைச் சூழ்ந்து காத்து நின்றன.

“எல்லாரும் ஏன் அழுகினம்?”

“சந்தோசம்.”

“கடைக்காரியைக் காணேல்லை.”

“அவையள் ரெண்டுபேரும் ஹனிமூன் போயிட்டினம்.”

அக்கணமே, பகை முடிக்கும் இறுதி அம்பாக, நெடுவல் தனியனாய்த் திரையில் தோன்றினான். கறுப்புக் கோட்டு. ஆளற்ற வெண்பனித் தெரு. கையில் பெட்டையின் குடை. திரும்பிப் பாராமல் அவன் நடந்து, நடந்து, புள்ளியானான்.

“அப்ப இவன் தனிய எங்க போறான்?”

சண்முகராசன் வாய் திறந்தான். சேனை அழிந்திருந்தது, தேர் முறிந்திருந்தது, அம்புறாத்தூணியைத் தடவினால் ஒரேயொரு அம்பு, அதுவும் முனை மழுங்கியது.

“பால் வாங்க.”

பாட்டு எழுந்தது. பெயர்கள் கொரிய எழுத்தில் மேலேறின. வென்றேனா தோற்றேனா என்றறியாத வீரன் ரிமோட்டைப் பற்றியபடி இருந்தான். தவநாயகி கிண்ணத்தின் அடியில் கிடந்த கச்சான் கடலையைப் பொறுக்கி வாயில் போட்டாள்.

“வெள்ளிக்கிழமையே பாத்திட்டன்,” என்றாள். “நீங்கள் வேலையில நிக்கேக்க.”

கவிழ்ந்து கிடந்த தட்டு அவன் நினைவில் மெல்லப் புரண்டு நிமிர்ந்தது. ஆங்கிலம் இல்லாமல் என்ன விளங்கியது என்று, போர் முடிந்த பின்னும் வாளை ஓங்குபவன் போல், ஒரு கேள்வி கேட்டான்.

“சாகிறது விளங்க இங்கிலிஷ் வேணுமே?”

“அப்ப என்னத்துக்கு இருந்து பாத்தனீர்?”

“நீங்கள் என்ன சொல்லுவியள் எண்டு பாக்க.”

அவள் சிரிக்கவில்லை. கவுன்சில் சட்டத்தை மாற்றியது நன்றாக இருந்தது என்றும், கடைத் திறப்பு மட்டும் எடுபடவில்லை என்றும் தீர்ப்பளித்தாள். பிறகு போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து அவன் கைமேல் வைத்தாள். வெறுங்கை. ஒன்றும் நேரவில்லை.

“நாளைக்குப் போய் ஓம் எண்டு சொல்லுவம். இப்ப தேத்தண்ணி போடப் பால் இல்லை.”

எழுந்தான் சண்முகராசன். பொய்யின் குருதி படிந்த நாவோடு, பகையும் நட்பும் ஒருங்கே கண்ட நெஞ்சோடு, இதயத்து வால்வினும் மெல்லியதொன்று தன்னுள் திறந்து மூடுவதை யாரிடமும் சொல்லாதவனாய் எழுந்து, ஜெர்மனி நாட்டுப் பனியை வென்ற அந்தக் கறுப்புக் கோட்டினைக் கவசமென எடுத்து அணிந்து, பொத்தான்களை ஒவ்வொன்றாய்ப் பூட்டி, வாயிலில் சாய்ந்து நின்ற குடையைக் கைக்கொண்டு, மழை தூறும் நோர்பரித் தெருவினை நோக்கிக் கதவைத் திறந்தான்.

சண்முகராசா பால் வாங்கக் கடைக்குப் போனார்.