பிரித்தெழுதிய விலாங்கு

தமிழ் வாத்தியார்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஒரு சொல்லைக் கண்டால் சும்மா விடமாட்டார்கள். பிரித்துப் பார்த்தால்தான் சோறு இறங்கும். எனக்கு அந்த வியாதி நன்றாக முற்றியிருந்த காலத்தில்தான் நான் ஒஸ்லோவுக்கு வந்து சேர்ந்தேன்.

வந்த இடத்தின் மொழியோ, வாத்தியாருக்கென்றே செய்து வைத்ததுபோல இருந்தது. நோர்வேக்காரர் சொல்லோடு சொல்லை ஒட்டிக்கொண்டே போவார்கள். நடுவில் இடைவெளி கிடையாது. நோயாளியையும் வீட்டையும் ஒட்டினால் ஆசுபத்திரி. குளிரையும் அலுமாரியையும் ஒட்டினால் ஃபிரிட்ஜ். எனக்குக் கண் கலங்கிவிட்டது. "இது எங்கட புணர்ச்சி இலக்கணமப்பா, குளிருக்கு ஜக்கெட் போட்டுக்கொண்டு நிக்குது" என்று மனைவி ஷாமினியிடம் சொன்னேன். (அவள் சின்ன வயதிலேயே இங்கே வந்து வளர்ந்தவள். "ஓம், முதல்ல கடையில நிண்டு ஒழுங்கா நன்றி சொல்லப் பழகுங்கோ" என்றாள்.)

இன்னொரு அதிசயமும் உண்டு. ஒஸ்லோக்காரர் ரகர மெய்யும் னகர மெய்யும் அடுத்தடுத்து வந்தால் இரண்டையும் சேர்த்து நம்முடைய ணகரமாக்கிவிடுவார்கள். எழுத்தில் 'பார்ன்' என்று இருக்கும் குழந்தை, வாயில் வரும்போது 'பாண்' ஆகிவிடும். யாழ்ப்பாணத்தானுக்குப் பாண் என்றால் பேக்கரியில் வாங்கும் ரொட்டி. குழந்தைகளை விடும் பாலர் பள்ளிக்கு 'பாணெஹாகெ' என்று பெயர்; ஹாகெ என்றால் தோட்டம். ஆக, நான் தினமும் காலையில் மகள் அனிற்றாவைக் கொண்டுபோய் விட்டது பாண் தோட்டத்தில்.

அனிற்றாவுக்கு அப்போது நாலு வயது. ஒருநாள் நான் பக்கத்தில் நிற்கும்போதே அவள் ஆசிரியை இங்ரிட்டிடம் நோர்வேஜிய மொழியில், "அப்பாவுக்கு நோர்ஸ்க் தெரியாது, எல்லாவற்றையும் அம்மாவிடம் சொல்லுங்கள்" என்றாள். அந்த ஒரு வசனம் மட்டும் எனக்கு அட்சரம் பிசகாமல் விளங்கியது. பெற்ற பிள்ளை சொன்னது என்பதால் இரண்டு மடங்கு வலித்தது.

அடுத்த வாரம் ஷாமினி வேலை விஷயமாகப் பேர்கன் போனாள். போகுமுன், "ஏதும் விளங்காட்டி எனக்குப் போன் அடியுங்கோ" என்றாள். அடிப்பதில்லை என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன். இந்த வாரத்துக்குள் மகளின் வாயால் 'அப்பாவிடம் சொல்லுங்கள்' என்று வரவேண்டும்.

சந்தர்ப்பம் தானாக வந்தது. மகளைக் கூப்பிடப் போனபோது, ஒரு பையனுக்குச் சப்பாத்து மாட்டிக்கொண்டே இங்ரிட் சொன்னார்: "நாளைக்குப் பெற்றோருடன் காலைச் சாப்பாடு. ஒரு பையில் பாணோலெர் கொண்டு வாருங்கள்."

பாணோலெர். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பாண் என்றால் குழந்தை. 'ஓலெர்' என்றால் விலாங்கு மீன்கள். (தீவுப்பகுதியில் பிறந்தவன் எந்த மொழியிலும் முதலில் படிப்பது மீன் பெயர்களைத்தான்.) குழந்தை விலாங்கு, அதாவது விலாங்குக் குட்டி. ஆனாலும் நான் கவனமானவன். என்னத்துக்கு என்று கேட்டேன்.

"பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு பைக்குள் கைவிட்டு, என்னவென்று சொல்ல வேண்டும்."

"புதுசா, காய்ந்ததா?"

"புதுசு என்றால் நல்லது. என்ன அருமையான வாசம்" என்று இங்ரிட் மூச்சை உள்ளே இழுத்துக் காட்டினார்.

நான் அசந்துபோனேன். கைக்குழந்தையை வண்டிலோடு பனிக்குள் நித்திரை கொள்ள விடுகிற சனம், நாலு வயதுப் பிள்ளையை விலாங்கு தொட விடாதா? எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்கு இந்தத் துணிவு எப்போது வரும் என்று யோசித்தபடியே தமிழ்க் கடை இருக்கும் குறொன்லாண்டுப் பகுதிக்கு ரயில் ஏறினேன்.

தமிழ்க் கடைக்கார அண்ணையிடம் குட்டி விலாங்கு இருக்கிறதா என்று கேட்டேன்.

"ஐஸ் போட்டது இருக்கு. குழம்புக்கோ, பொரிக்கவோ?"

"பாணெஹாகெக்கு அண்ணை."

அவர் விலாங்கை நிறுத்துப் பையில் போட்டார். "அப்ப முள்ளுப் பாத்துக் குடுக்கச் சொல்லும்" என்று பையை நீட்டினார்.

காலையில் ஐஸ் உருகி, விலாங்குகள் பளபளவென்று புதுசாகவே இருந்தன. அழகான துணிப்பையில் போட்டுக்கொண்டு போனேன். மற்றத் தகப்பன்மாரும் தாய்மாரும் பைகளை வட்டமாக வைத்திருந்தார்கள். எனக்கு முன்னால் இருந்த உயரமான நோர்வேக்காரரின் பை திறந்திருந்தது. உள்ளே ஊசி ஊசியாகப் பச்சை இலைகள். பாவம், சொந்த மொழியே விளங்காத மனுசன் என்று இரங்கினேன். அடுத்த பையை எட்டிப் பார்த்தேன். அதிலும் பச்சை ஊசி. அதற்கடுத்ததிலும்.

அப்போதுதான் எனக்கு வேங்கை நினைவு வந்தது. வேங்கை என்றால் புலி. வேம் கை என்று பிரித்தால் வேகிற கை. இரண்டு விதமாகப் பிரிக்கக்கூடிய சொல்லிடம் கவனமாக இருக்க வேண்டும் என்று ஊரில் எத்தனை பிள்ளைகளுக்குப் படிப்பித்தவன் நான். 'பார்' என்றால் ஊசியிலை. 'நோல்' என்றால் ஊசி. பார், நோல் இரண்டும் சேர்ந்தாலும் அதே பாணோல்தான் வரும்; பன்மைக்கு 'எர்' ஒட்டினால் பாணோலெர்.

என் பையை எடுக்கப் பாய்ந்தேன். அதற்குள் ஒஸ்கார் என்ற பையன் கண்ணை மூடிக் கையை விட்டுவிட்டான்.

"குளிருது" என்றான். "வழுக்குது." பிறகு, "இதுக்கு முகம் இருக்கு" என்று ஒன்றை வெளியே தூக்கினான்.

ஒரு தாய் கோப்பிக் கோப்பையைக் கவிழ்த்தார். எனக்குத் தெரிந்த நோர்வேஜியம் முழுவதும் ஒரே மூச்சில் வற்றிப்போயிற்று. "பாண்... ஓலெர்" என்று மட்டும் சொன்னேன். அனிற்றா விலாங்கைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வைக்கு நிலம் பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்.

இங்ரிட் ஒரு கணம் அந்தச் சொல்லை உதட்டுக்குள் முணுமுணுத்தார். பிறகு தரையில் உட்கார்ந்து, பிள்ளைகளோடு அசை பிரிக்கும்போது வழக்கமாகச் செய்வதுபோலக் கைதட்டினார்.

"பார், நோல், எர்." மூன்று தட்டு. "பாண், ஓல், எர்." அதுவும் மூன்று தட்டு.

"ரெண்டும் சரியா?" என்று கேட்டாள் அனிற்றா.

"இரண்டும் சரி. இவ்வளவு காலமும் இந்தச் சொல்லைச் சொல்லி வருகிறேன், உள்ளே விலாங்கு இருப்பது எனக்குத் தெரியாது" என்றார் இங்ரிட். அவர் சிரிப்பில் கேலி இருந்ததா என்று நன்றாகத் தேடிப் பார்த்தேன். இல்லை. அந்த மனுசிக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டவன்.

அதன்பிறகு ஊசியிலையைத் தொட ஒரு பிள்ளை வரவில்லை. எல்லாரும் கைதட்டிக்கொண்டு என் பைக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். வரிசையை ஒழுங்குபடுத்தியது என் மகள். இரண்டு முறை கைவிட முயன்ற ஒஸ்காரைப் பிடித்து இழுத்து அவள் சொன்னதும் எனக்கு அட்சரம் பிசகாமல் விளங்கியது: "அப்பாவைக் கேட்டுவிட்டுத் தொடு. அப்பாவுக்குச் சொல்லுக்குள்ளே மீன் பிடிக்கத் தெரியும்."

அனிற்றா இப்போது பல்கலைக்கழகம் போகிறாள். ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் எங்கள் குரோருட் வீட்டுக்கு ஒரு கிறிஸ்மஸ் மரம் வரும். அது இலை கொட்டத் தொடங்கியதும் ஷாமினியின் குரல் கேட்கும்.

"இஞ்சையப்பா, உங்கட விலாங்கு முழுக்க நிலத்தில கிடக்கு. வந்து கூட்டுங்கோ."

நான் தும்புத்தடியோடு வருவேன். நான் கூட்டி முடிக்கும்வரை மகள் கதிரையில் இருந்து மும்மூன்றாகக் கைதட்டுவாள்.