ரெண்டாமிடத்துக்கு மீன் சாப்பாடு

அன்புள்ள மச்சான் லாய்டுக்கு,

உன் அக்கா புருஷன் வெர்னன் எழுதுவது. நீயும், உன் வீட்டில் வந்து தங்கியிருக்கும் என் மனைவி ஆர்லீனும் சுகமாகத்தான் இருப்பீர்கள். உங்கள் வீட்டில் குளிர் போக்கும் உலை எரிகிறது. இங்கே எரியவில்லை. டுலூத்தில் டிசம்பர் எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்குள்ளேயே கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் உனக்கு வாழ்த்து. மனசார என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், எனவே வெறும் வாழ்த்து. நிஜ அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரர்களைப் பொறுக்கி நாம் கட்டிய கற்பனை அணிகள், அவர்கள் ஓடும் தூரத்தின் கணக்கில் பருவம் முழுக்க மோதி, கடைசியில் நான் உன்னிடம் தோற்றது மூன்றே கெஜத்தில். என் அணிக்கு நான் பொறுக்கிய தடியன் ஒரு முறை தடுக்கி விழாமல் இருந்திருந்தால் போதும். அவனுக்கு வருஷத்துக்குக் கோடிக்கணக்கில் சம்பளம், எனக்கு இந்தத் தொப்பி.

ஆகஸ்டில், ஆட்டக்காரர்களைப் பிரித்துக்கொள்வதற்கு முன், வழக்கம்போலப் பரிசை எப்படிப் பங்கு போடுவது என்று பவுலிங் கூடத்துப் பின்னறையில் கை தூக்கி முடிவு செய்தோமே, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. பன்னிரண்டு பேர், தலைக்கு ஐயாயிரம் டாலர். நீ எழுந்து, "முதல் ஆளுக்குப் பாதி, ரெண்டாவது ஆளுக்குக் கால்வாசியாச்சும் குடுப்போம், அடுத்து வர்ற ரெண்டு பேருக்குப் போட்ட காசாவது திரும்பட்டும். வீட்டுல மூஞ்சி காட்டணும்ல?" என்றாய். நியாயமான பேச்சு. நான் கையில் பியரோடு எழுந்து, "மொத்தமும் ஒருத்தனுக்கே! ரெண்டாவது வர்றவனுக்கு என்னத்துக்குக் காசு, தோத்ததுக்குக் கூலியா? அவனுக்கு இங்கயே வெள்ளிக்கிழமை மீன் சாப்பாடு, ரெண்டு பேருக்கு. பொண்டாட்டியைக் கூட்டிட்டு வந்து சாப்பிட்டுப் போகட்டும்" என்றேன். சிரிப்பு அடங்கவே இல்லை. ஏழு கைகள் என் பக்கம். அதில் நாலு பேர் போன வருஷம் வாலில் கிடந்தவர்கள்! பரிசைப் பங்கு போடும்போது எவனும் தன்னை ரெண்டாமிடத்தில் வைத்துப் பார்ப்பதில்லை மச்சான்.

அதோடு விட்டேனா? கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள் நீயே வந்து, வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "வெர்ன், எவன் ஜெயிச்சாலும் பாதி பாதி. கையைக் குடு. அக்காவுக்கு அந்தப் பழைய உலையை மாத்தணும்ல" என்றாய். "என்னடா, பயமா இருக்கா? இப்பவே சொல்லு, மீனை ஊறப்போடச் சொல்றேன்" என்றேன். உள்ளேயிருந்து ஆர்லீன், "எதுக்குப் பாதி? உலைக்குத்தான் காசு எடுத்து வச்சிருக்கோமே?" என்று கேட்டாள். நீ பனியைப் பார்த்தாய். நான் உன் வண்டியின் டயரைப் பார்த்தேன். அந்தக் காசைத்தான் பந்தயத்தில் கட்டியிருக்கிறேன் என்று புரிய அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. ஆனாலும் அன்றைக்கே வீட்டை விட்டுப் போகவில்லை, பார். திங்கட்கிழமை தோற்றேன், செவ்வாய்க்கிழமை உலை கடைசியாக ஒரு தரம் இருமிவிட்டு நின்றது, அவள் நாயைக் கூட்டிக்கொண்டு உன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். நாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். மூன்று கெஜத்துக்காக ஒருத்தனுக்கு எல்லாம், இன்னொருத்தனுக்கு மீன் என்றால் அது என்னடா விதி? நானும்தானே பருவம் முழுக்கத் தூங்காமல் கிடந்தேன்? நீ பாதி தருகிறேன் என்றபோது மறுத்தது என் வாய்தான், மனசு இல்லை. அந்தப் பேச்சு இன்னும் செல்லும் என்றே நினைக்கிறேன். நாம் என்ன அந்நியரா? பாதியைக் கொடு. உலையை மாற்றிவிட்டு நானே வந்து அவள் காலில் விழுந்து கூட்டி வருகிறேன். அவள் இல்லாமல் இந்த வீட்டில் என்னால் முடியவில்லை, லாய்டு.

உன் குடும்பத்துக்குக் கிறிஸ்துமஸ் நல்லபடியாக அமையட்டும், கடவுள் உன் கையை இளக வைக்கட்டும்.

இப்படிக்கு,
குளிரில்,
வெர்னன் ஹாக்லண்ட்

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் ஆட்டக் கணக்கின் வாராந்தரத் திருத்தம் வந்தது, நீயும் பார்த்திருப்பாய். உன் ஆள் ஓடியதாக எழுதிய ஐந்து கெஜம் அவன் ஓடியதே இல்லையாம். ஆக நான் முதல், நீ ரெண்டாவது. மேலே எழுதியதை எழுதாததாக நினைத்துக்கொள். விதி விதிதான், கை தூக்கி முடிவு செய்தது. உடனே ஆர்லீனுக்குப் போன் போட்டேன், புது உலையே வாங்கிவிடலாம் என்றேன். "லாய்டுக்குப் பாதி குடுப்பியா?" என்று ஒன்றுதான் கேட்டாள். நான் கொஞ்சம் யோசித்தேன். கொஞ்சம்தான். "வாசல்ல என் பூட்ஸை எடுத்து வை, லாய்டு வந்து எடுத்துக்குவான்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். எடுத்து வைத்திருக்கிறேன், பனி ஏறுவதற்குள் வந்து எடுத்துக்கொள். கதவைத் தட்ட வேண்டாம்.