மூலை மேஜைக்காரர்

“மூலையில ஒருத்தர் மட்டும்தாங்க உட்கார்ந்திருக்கார். போய்ப் பின்னாடி நில்லுங்க, வேற யாராவது பிடிச்சுருவாங்க,” என்று மனைவி முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

டிரைவிங் வாத்தியார் போய் நின்றார். அந்தத் தெருவுக்கே அது ஒன்றுதான் சிற்றுண்டிக்கடை. ஞாயிற்றுக்கிழமை காலை, மற்ற மேஜைகளெல்லாம் பிதுங்கின. இன்று ஒரு நாளாவது மனைவி அடுப்பு முகத்தில் விழிக்கக் கூடாது என்று மாமியார் சாட்சியாக வாக்குக் கொடுத்து இருவரையும் கூட்டி வந்திருந்தார். முன்பு கொடுத்த வாக்குகளெல்லாம் கடை வாசலோடு திரும்பியவை. இதுவும் திரும்பினால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள்.

மூலை மேஜைக்காரர் பருத்த மனிதர். குளத்து மீனுக்குப் போடுகிற மாதிரி ரொட்டியைக் கிள்ளிக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தார்.

வாத்தியாருக்கு வலது கால் துடித்தது. கற்றுக்கொள்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாரமெல்லாம் பிரேக் மிதிக்கிற கால் அது. முன்னால் போகிற வண்டி இப்படி நகர்ந்தால் ஹாரனாவது அடிக்கலாம். இங்கே அதற்கும் வழியில்லை. செருமிப் பார்த்தார்.

பருத்தவர் தண்ணீர்க் குவளையைப் பின்பக்கமாக நீட்டினார். “குடிங்க. தொண்டை கட்டியிருக்கு போல.”

வாத்தியார் நாற்காலியின் முதுகைப் பிடித்து லேசாக ஆட்டினார்.

“ஆங், அப்படித்தான். சுகமா இருக்கு,” என்று பருத்தவர் கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

ஒருவழியாக ரொட்டி தீர்ந்தது. வாத்தியார் நாற்காலியை இழுக்கக் குனிந்தபோது, கேட்காமலே சர்வர் ஓடி வந்து ஆவி பறக்கும் காபியை வைத்தார்.

“மாப்பிள்ளை, வண்டி ஓட்டத்தானே சொல்லிக் குடுக்கிறீங்க?” என்றார் மாமியார். “நிக்கிறதைப் பார்த்தா, பார்க்கிங் மட்டும்தான் போலிருக்கே!”

வாத்தியார் சட்டைக் கையைச் சுருட்டினார். சர்வர் பதறிப் போய்க் காதோரம் வந்தார். “சார், அவர்கிட்ட மட்டும் ஒண்ணும் சொல்லிராதீங்க. நிதானமாச் சாப்பிடட்டும்.”

“ஏன், இவர்தான் முதலாளியோ?”

“முதலாளியே இவர்கிட்ட சத்தமாப் பேச மாட்டார் சார்!”

அவ்வளவுதான். எந்த மரியாதை மிச்சமிருந்ததோ அதுவும் காற்றில் போயிற்று.

“ஏன்யா, இது என்ன உங்க வீட்டுக் கூடமா? ஊரே பசியோட காத்துக்கிட்டிருக்கு, நீங்க புது மாப்பிள்ளை கணக்கா காபி ஆத்திக்கிட்டிருக்கீங்க! எந்திரிங்க முதல்ல!”

பருத்தவர் மெல்ல எழுந்தார். மடியிலிருந்த துண்டை உதறி மேஜைமேல் வீசினார்.

“காத்துக்கிட்டே இருக்கட்டும்,” என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கித் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

வாத்தியார் குடும்பம் சிம்மாசனம் ஏறுவதுபோல உட்கார்ந்தது. கல்யாணப் படத்துக்கு அப்புறம் மனைவி முகத்தில் காணாத சிரிப்பு.

“பரவாயில்லையே, உங்களுக்கும் ரோஷம் வருது!”

காலித் தட்டுகளுக்கு மேலாக மொத்தக் கடையும் அவரையே முறைத்தது. தன் துணிச்சலைப் பார்த்து மிரண்டுபோய்விட்டார்கள் என்று வாத்தியார் மீசையைத் தடவிக்கொண்டார்.

“எல்லாருக்கும் ரொட்டி, முட்டை. சுடச்சுட வரணும்!”

சர்வர் அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. மனைவி பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

“அக்கா, உங்க வீட்டுக்காரர் விரட்டிவிட்டது எங்க சமையல்காரரை, உள்ளே அடுப்பு சும்மா எரிஞ்சுக்கிட்டிருக்கு, நீங்க கொஞ்சம் எழுந்து வர்றீங்களா?”