குழிக்குள் இருந்த ராசா

கல்யாணமான புதிதில் ஆண்கள் தங்களுக்கு அரைகுறையாகத் தெரிந்த விஷயங்களைத்தான் அதிகம் பேசுகிறார்கள். நான் பேசியது பழைய நாணயங்களைப் பற்றி.

ரிவர்ஸ்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அப்போது நான் கணக்கெழுதும் கிளாக்கர். நாணயங்களைப் பற்றி ஒரேயொரு புத்தகம் படித்திருந்தேன் (அதிலும் பாதி). யட்டவத்தையில் மாமனார் வீட்டு முதல் விருந்தில், மனைவி சரசு என்னைப் பெரிய நிபுணராக்கிவிட்டாள்.

மாமனாரும் பழங்காசு சேர்ப்பவர். சொந்தக்காரர்கள் சூழ்ந்திருக்க, ஒரு செப்புக் காசை நீட்டினார். விளிம்பில் சின்ன வெட்டு. இது அச்சடித்த இடத்திலேயே நேர்ந்த பிழை, நாட்டில் இன்னொன்று இருக்காது என்று முழங்கித் தள்ளினேன்.

தேத்தண்ணி கொண்டுவந்த மாமியார் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, அது நான் பால்மா டின் மூடி நெம்புற காசுங்க."

மாமனார் சிரிப்பை அடக்கக் கூரையைப் பார்த்தார். மற்றவர்கள் அந்தச் சிரமம்கூட எடுக்கவில்லை. எழுந்து ஓடலாமென்றால் வெளியே ஊரடங்கு.

என் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் மாமியாரே இன்னொரு காசைக் கொண்டுவந்தார். கள்ளக் காசென்று எந்தக் கடையிலும் வாங்காததாம். தேய்ந்துபோனது, வீசச் சொல்லியும் கேட்கவில்லை என்றார் மாமனார்.

இம்முறை வாயை மூடிக்கொண்டு பார்த்தேன். ஒரு பக்கம் ராசாவின் தலை வழக்கம்போல மேடாக இருந்தது. மறுபக்கமும் அதே தலை. ஆனால் பள்ளமாக, எழுத்துகளெல்லாம் இடம் வலம் மாறி. தேய்ந்தால் மேடு மழுங்கும். பள்ளத்தில் புதுத் தலை முளைக்காது. யாராவது அடித்துப் பதித்திருந்தால் முன்பக்கத்து மூக்கு நசுங்கியிருக்கும். மூக்கு முழுசாக இருந்தது. இதற்கு முன் அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டு, அதன் முகம் இதில் பதிந்திருக்கிறது!

"மாமா, இது தேய்மானம் இல்லீங்க. அச்சுப் பிழை."

ஒருவரும் நம்பவில்லை. ஊரடங்கு தளர்ந்ததும், என்னைப் பொய்யனாக்கவே மாமனார் அதை மாத்தளையில் ஒரு பழங்காசு வியாபாரியிடம் கொண்டுபோனார். திரும்பி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"முதலாளி கதிரைய விட்டே எழும்பிட்டாரு மாப்பிள. கேட்ட வெல தர்றேன்னாரு. நான் குடுக்கல."

மாமியார் கையை நீட்டித் தன் காசைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அன்றைய கோழிக்கறியில் இரண்டு காலும் எனக்கு.

இன்றைக்கும் உறவினர் கூடினால் யாராவது என் வழுக்கையைக் காட்டி, இது தேய்மானமா, அச்சுப் பிழையா என்று கேட்பார்கள். சரசு தடவிப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்வாள்.

"தேய்மானந்தாங்க. நான் வாங்கும்போது முழுசாத்தான் இருந்துச்சு."