பூனைக்கும் கீழே ஓர் அப்பா

தன் வீட்டில் தனக்கு நாலாவது இடம் என்பது லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஒரு சாயந்திரம் ஏழு மணிக்குத் தெரிய வந்தது. வழக்கமாக அவர் பட்டறையில் சீட்டு ஆடிவிட்டு எட்டரைக்கு வருகிறவர். அன்றைக்குச் சீட்டுக்கு ஆள் சேரவில்லை. சீக்கிரம் வந்து தொலைத்தார்.

சாப்பாட்டு மேஜையில் எட்டு வயது மகள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்.

"கடவுளே, கப்பல் மாமாவை நல்லா வச்சுக்கோ. பூனையை நல்லா வச்சுக்கோ. அம்மாவை நல்லா வச்சுக்கோ. அப்பாவையும் நல்லா வச்சுக்கோ."

கேட்டீர்களா? அப்பா'வையும்'! ஏதோ போகிற போக்கில் சேர்த்துக்கொண்ட மாதிரி.

அந்த மேஜைதான் மகளுக்குப் பள்ளிக்கூடம். வீட்டுக்காரிதான் வாத்தியார். பழைய காலண்டரை வெட்டிச் செய்த எண் அட்டைகள், முட்டை அட்டையில் முளைவிட்ட பயறு, எதிர்வீட்டுக் கப்பல்காரர் கொடுத்த உலக உருண்டை, இவைதான் சொத்து. சாயந்திரம் அரைமணி நேரம் கடவுள் நம்பிக்கை, நன்றி, பொறுமை என்று ஒரு தடிப் புத்தகத்திலிருந்து பாடம். கப்பல்காரர் முழங்கால் கெட்டுப்போய் வேலையை விட்டவர். தினமும் கைத்தடியோடு வந்து உருண்டையைச் சுற்றிக் காட்டுவார். மகள் வாயைப் பிளந்து கேட்பாள்.

தன்னிடம் அவள் வாயைப் பிளந்தது கடைசியாகப் பல் ஆடியபோதுதான். நினைக்க நினைக்க மெக்கானிக்குக்கு ஆறவில்லை. நேரே அடுக்களைக்குப் போனார்.

"எதிர்வீட்டுக்காரன் முதல் இடம், பூனை ரெண்டாவது. இது என்ன நியாயம்?"

"நான் மூணாவதுங்க. நானே சும்மாதானே இருக்கேன்?"

"உனக்கு ரோஷம் இல்லை, எனக்கு இருக்கு. இனிமே நம்பிக்கைப் பாடம் நான் எடுக்கறேன்."

"நீங்களா? வேண்டாங்க. கப்பல்காரர் எடுக்கறேன்னு சொல்லியிருக்காரு. புயல், திமிங்கலம்னு கதை கதையா சொல்வாரு."

"என்கிட்ட திமிங்கலம் இல்லைதான். அதுக்காகப் பெத்த அப்பன் வெளியில நிக்கணுமா?"

"சரி. ஆனா அதை மட்டும் தனியா எடுக்க முடியாது. ஆள் மாறி மாறி வந்தா புள்ளை குழம்பிடும். காலைல ஆறு மணிக்குக் கணக்கு, சாயந்திரம் அஞ்சரைலேர்ந்து ஏழு வரைக்கும் மத்தது எல்லாம். வருஷக் கடைசி வரைக்கும்."

"எடுக்கறேன்!"

அவள் இழுப்பறையிலிருந்து கால அட்டவணையை எடுத்து நீட்டினாள். அதில் எல்லாக் கட்டத்திலும் 'அப்பா' என்று முன்பே எழுதி, மை காய்ந்துகூடப் போயிருந்தது. கோபத்தில் இருக்கிற மனுஷன் மையையா பார்ப்பான்? கையெழுத்துப் போட்டார்.

"இந்தப் புத்தகத்தையும் ஒரு தடவை படிச்சிடுங்க."

"புத்தகமா! இருபது வருஷமா ஜனங்களை மேலே ஏத்தி விடறவன்மா நான்."

மறுநாள் சாயந்திரம் பாடம் அமர்க்களமாக ஆரம்பித்தது.

"லிஃப்டுல ஏறறோம். மேலே இருக்கற இரும்புக் கயிறு நம்ம கண்ணுக்குத் தெரியுதா?"

"தெரியலைப்பா."

"ஆனாலும் ஏறறோம். அதுதான் நம்பிக்கை!"

மகளின் வாய் லேசாகத் திறந்தது. மெக்கானிக்குக்கு உச்சி குளிர்ந்தது.

"நீங்களும் அப்படித்தான் ஏறுவீங்களாப்பா?"

அங்கேயே 'ஆமாம்' என்றிருக்கலாம். தொழில் கர்வம் விடுமா?

"நானா? நான் எதுக்கு நம்பறேன்! கயிறைத் தடவிப் பார்ப்பேன். பிரேக்கை மூணு தடவை போட்டுப் பார்ப்பேன். இன்னொருத்தன் பார்த்துட்டேன்னு சொன்னாலும் விடமாட்டேன்."

"அம்மா சொன்னா?"

"உங்கம்மாவுக்கு லிஃப்டைப் பத்தி என்ன தெரியும்?"

மகள் நோட்டை எடுத்து, நிதானமாக, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினாள்: "அப்பாவுக்கு யார் மேலயும் நம்பிக்கை இல்லை." அடுக்களையில் யாரோ இருமினார்கள்.

மூன்றாம் நாள் பாடம் உண்மை பேசுவது. பாதியில் கதவு தட்டப்பட்டது. பூதக்கண்ணாடியும் கையுமாகக் கப்பல்காரர் நின்றார்.

"பாப்பா இருக்காளா?"

"தூங்குது."

"ஆறு மணிக்கா?"

"அசதி."

"மாமா, நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. நோட்டில் இரண்டாவது வரி ஏறியது. அடுத்த வாரம் அன்பு என்ற பாடத்தின்போது நாற்காலியில் படுத்திருந்த பூனையை அவர் காலால் தள்ளினார். மூன்றாவது வரி.

ஆனாலும் மனுஷன் விடவில்லை. சீட்டாட்டம் போயிற்று. காலைத் தூக்கம் போயிற்று. பதிமூன்றாம் வாய்ப்பாடு அவருக்கே வராமல், குளியலறையில் மனப்பாடம் செய்தார். வீட்டுக்காரி சாயந்திரமானால் நீச்சல் குளத்துக்குப் போய், ஈரத் தலையோடு ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். போகட்டும், அவளுக்கு மகளின் பிரார்த்தனையில் இடம் முக்கியமில்லை. அவருக்கு முக்கியம். அந்தக் கப்பல்காரனை ஒரு நாளாவது தாண்டிவிட்டால் போதும், அப்புறம் செத்தாலும் பரவாயில்லை என்றிருந்தது.

ஒரு மாதம் கழித்து, சரியாக ஏழு மணிக்கு, மகள் கண்ணை மூடினாள்.

"கடவுளே, முதல்ல எங்க அப்பாவை நல்லா வச்சுக்கோ."

மெக்கானிக்குக்குக் கண் கலங்கிவிட்டது. மகள் முடிக்கும் வரை பொறுத்திருந்து, அப்போதுதான் உள்ளே நுழைந்த வீட்டுக்காரியைப் பார்த்து மீசையைத் தடவினார்.

"கேட்டியா? முதல் இடம்! பாப்பா, அம்மாவுக்கு நல்லாக் காதுல விழற மாதிரி சொல்லு, அப்பா ஏன் முதல்ல வந்தேன்?"

"யாருக்கு ரொம்பத் தேவையோ அவங்களை முதல்ல சொல்லணும்ப்பா. ஒன்பதாம் பாடத்துல இருக்கு. மாமாவுக்கு முழங்கால் வலி. பூனைக்குக் காது கிழிஞ்சிருச்சு. அம்மாவுக்கு வேலை ஜாஸ்தி. உங்களுக்கு ஒரு குறையும் இல்லைன்னுதான் கடைசில வச்சிருந்தேன்." மகள் அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். "நீங்க பாடம் எடுக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தானே எல்லாம் தெரிஞ்சுது."

மெக்கானிக் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். பூனை இறங்கி வேறு இடம் பார்த்துக்கொண்டது.

"இது உனக்கு முதல்லயே தெரியுமா?"

"புத்தகத்தைப் படிங்கன்னு சொன்னேனே."

"போதும்மா தாயே. நாளையிலேர்ந்து நீயே எடுத்துக்கோ."

"இப்ப விட்டா அந்த முதல் இடத்துலயே நின்னுடுவீங்க." அவள் தலையைத் துவட்டிக்கொண்டே கால அட்டவணையை அவர் முன்னால் வைத்தாள். "ஒழுங்கா எடுத்தீங்கன்னா, வருஷக் கடைசிக்குள்ள மறுபடி பூனைக்குக் கீழே வந்துடலாம்."