துரை வண்டிக்கு எவ்வளவு எண்ணெய்?

எந்த இயந்திரத்துக்கும் எந்த வியாதிக்கும் மருந்தின் அளவு ஒன்றுதான் என்று நம்பிய மனிதர் உலகத்திலேயே பதுளை அரைக்கரண்டி நானா ஒருவர்தான். கடிகாரம் நின்றாலும், காது வலித்தாலும், கதவு முனகினாலும் அரைக்கரண்டி எண்ணெய். அதே கரண்டியால்தான் தேநீருக்குச் சீனியும் போடுவார். ஹாலிஎல ரோட்டு வேலை முடிந்து பட்டினியாக வந்த எனக்குத் தன் சைக்கிள் பட்டறையில் சாக்கு விரித்துக் கொடுத்தவர் அவர். அந்தத் தேநீரை நான் விழுங்கியதே இல்லை. அதுவாகவே வழுக்கிக்கொண்டு போகும்.

பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துத் துரை ஒரு மோட்டார் சைக்கிள் வைத்திருந்தார். அதன் முன்சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கவை ஆட்டுக்குட்டி மாதிரி கத்தும். நானாவிடம் கொண்டுவந்தார். அரைக்கரண்டி விட்டதும் கவை ஊமையாகிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே கொழுந்து பறிக்கும் மாரியாயி பட்டறை வாசலில் வந்து நின்றாள். துரை உச்சி பங்களாவிலிருந்து இன்ஜினை நிறுத்திவிட்டு இறக்கத்தில் சத்தமில்லாமல் உருண்டு வருவாராம். இடுப்பை நிமிர்த்தி நிற்பவளைக் கண்டால் அரைப்பேர்தான். அதாவது பாதிநாள் கூலி போச்சு. இதுவரை அந்தக் கவையின் கத்தல்தான் அவர்களுக்குக் காவல்.

"வண்டி வாய மூடிட்டீங்க நானா. எங்க புள்ளைங்க வாயையும் சேத்துல்ல மூடிட்டீங்க," என்றாள்.

அளவைக் குறைக்கச் சொன்னாள். அது நானாவால் முடியாத காரியம். அளவை விட்டுவிட்டு எண்ணெயை மாற்றினார். அடுத்த முறை வண்டி வந்ததும் பழையதைத் துடைத்துவிட்டு, சமையலுக்கு வைத்திருந்த தேங்காயெண்ணெயில் அரைக்கரண்டி.

தேங்காயெண்ணெய் மலையில் விடியற்காலைக் குளிருக்கு மெழுகாக உறைந்துவிடும். கவை மறுபடி கத்தியது. துரை கோபமாகப் பதுளைக்கு இறங்கி வருவதற்குள் வெயிலில் எண்ணெய் உருகிவிடும். அவர் கவையை அழுத்தி அழுத்திப் பார்ப்பார். மூச்சுவிடாது.

"மலைக்குளிருல வண்டிக்கும் பல்லு தந்தியடிக்குது துரை," என்பார் நானா.

கடைசியில் துரை தன் எண்ணெய் டின்னோடு வந்து நானாவின் தலைக்குமேல் நின்றார். முழுவதையும் விடு, இல்லையென்றால் தோட்டத்து வேலை ஒன்றும் இந்தப் பட்டறைக்கு இல்லை என்றார். நானா கண்ணை மூடிக்கொண்டு கவிழ்த்தார்.

மறுநாள் காலை துரை பூனை மாதிரி இறங்கினார். வழிந்த எண்ணெயில் பிரேக் பிடிக்கவில்லை. இடுப்பை நிமிர்த்தி நின்றவர்களைத் தாண்டி, ஒருத்திக்குக்கூட அரைப்பேர் போட அவகாசமில்லாமல், விறைப்பாக உட்கார்ந்தபடியே தேயிலைக்குள் போய்விட்டார். மாரியாயி கூட்டம்தான் இழுத்து வெளியே போட்டது.

செய்தி கேட்டு நான் சிரித்தேன். நானா பட்டறையைப் பூட்டிவிட்டு, வா என்று பசறைப் பாதையில் நடந்தார். முதலில் பங்களாவின் குசினி வாசலில் துரைக்கு அடி எப்படி என்று விசாரித்தார். கையில் சுளுக்குத்தானாம், இனி நானாவின் அளவே போதும் என்று உள்ளிருந்து உத்தரவு வந்தது. பிறகு தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போய், யாருக்காவது கூலிப் பேர் வெட்டினார்களா என்று ஒவ்வொரு வாசலாகக் கேட்டார்.

"துரை விழுந்ததுக்கு எதுக்கு நானா ரெண்டு பக்கமும் அலையுறீங்க?" என்றேன்.

"ரெண்டு பக்கமும் நான் விட்ட எண்ணெய்தானேடா."

திரும்பும் வழியில் அவருக்கு மூச்சு வாங்கியது. ஓர் ஊரில் நிலையாக ஒரு மாதம் தங்காமல் நடந்தே திரிந்தவன் நான். எனக்குக் கால் வலிக்கிறது என்று சொல்லி, வளைவுக்கு வளைவு உட்கார்ந்து உட்கார்ந்து வந்தேன்.